நாற்காலி ஏன் இரண்டாகப் பிரிந்தது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஈம்ஸ் தம்பதியின் புகழ்பெற்ற ஒட்டுப்பலகை நாற்காலியில் உட்காரும் பலகையும் முதுகுப் பலகையும் தனித்தனியாக இருக்கின்றனவே, அது அழகுக்காகவா? ஒரே பலகையாக வளைத்திருக்கலாமே?"

வளைத்துப் பார்த்தார்கள், பலமுறை. மரம்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கான காரணம் எனக்கு மிகவும் பிடித்த கணித உண்மைகளில் ஒன்று.

ஈம்ஸ் தம்பதி அமெரிக்க வடிவமைப்பாளர்கள்: சார்லஸ் ஈம்ஸ் கட்டடக்கலை படித்தவர், ரே ஓவியர். 1940-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய போட்டியில் சார்லஸும் அவருடைய நண்பர் ஈரோ சாரினெனும் ஒரே ஓடாக வளைந்த நாற்காலியை வடிவமைத்துப் பரிசு வாங்கினார்கள். வரைபடத்தில் அது அருமையாக இருந்தது. செய்து பார்த்தபோது வளைவுகளில் மரம் வெடித்ததால், மேலே துணி போட்டு மூட வேண்டியதாயிற்று. 1941-இல் சார்லஸும் ரேயும் திருமணம் செய்துகொண்டு லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபோனார்கள். அங்கே தங்கள் வீட்டுக்குள்ளேயே பலகை வளைக்கும் கருவி ஒன்றைச் செய்தார்கள். சூடேற்றும் கம்பிகள் பதித்த பிளாஸ்டர் அச்சு, அதன்மேல் பசை தடவிய மெல்லிய மரத்தாள்கள், அவற்றை அச்சோடு அழுத்த ஒரு ரப்பர் பை, பைக்குக் காற்றடிக்க சைக்கிள் பம்பு. கருவிக்கு 'கஸாம்' என்று பெயரும் வைத்தார்கள்.

ஒட்டுப்பலகை வளைவது எப்படி என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பலகையை வளைத்தால் வெளிப்பக்கம் நீள வேண்டும், உள்பக்கம் சுருங்க வேண்டும். 10 செ.மீ. ஆரத்துக்கு வளைத்தால், 1 மி.மீ. மரத்தாளின் வெளிப்பக்கம் அரை விழுக்காடுதான் நீள வேண்டும். அதே வளைவுக்கு 10 மி.மீ. பலகை 5 விழுக்காடு நீள வேண்டும், அதற்குள் உடைந்துவிடும். அதனால் மெல்லிய தாள்களை அடுக்கி, பசை ஈரமாக இருக்கும்போதே வளைக்கிறார்கள். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இடம் கொடுக்கும். பசை இறுகியதும் அந்த வளைவு அப்படியே நின்றுவிடும்.

சரி, ஒரு பக்கமாக வளைக்க முடிகிறது. அதையே இரண்டு பக்கமாக வளைத்தால்?

ஒரு காகிதத் தாளை எடுத்துப் புட்டியைச் சுற்றி ஒட்டுங்கள். ஒரு சுருக்கமும் விழாது. அதே தாளைப் பந்தின்மேல் ஒட்டிப் பாருங்கள். நடுவில் படியும், ஓரத்தில் மடிப்பு மடிப்பாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். கணக்குப் போட்டால் காரணம் தெரிந்துவிடும். தாளை 10 செ.மீ. ஆரமுள்ள வட்டமாக வெட்டினால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 63 செ.மீ. அதை 10 செ.மீ. ஆரமுள்ள பந்தின்மேல் வைக்கிறோம். பந்தின் உச்சியிலிருந்து பரப்பை ஒட்டியே 10 செ.மீ. இறங்கி, அந்த இடத்தில் பந்தைச் சுற்றி அளந்தால் 53 செ.மீ. தான் இருக்கும். மிச்சம் 10 செ.மீ. தாளுக்கு உட்கார இடமில்லை, அதுதான் மடிப்பாக எழுகிறது. குதிரைச் சேணம் மாதிரியான பரப்பில் இது தலைகீழ்: அங்கே ஓரத்துக்குத் தாள் போதாது, கிழியும்.

இதைப் பொது விதியாக நிறுவியவர் ஜெர்மானியக் கணித மேதை காஸ், 1827-இல். ஒரு புள்ளியில் பரப்பு எந்தத் திசையில் மிக அதிகமாக வளைகிறது, எந்தத் திசையில் மிகக் குறைவாக வளைகிறது என்று பார்த்து, அந்த இரண்டு வளைவுகளையும் பெருக்குங்கள். பரப்பை இழுக்காமல், சுருக்காமல் எப்படி வளைத்தாலும் இந்தப் பெருக்குத்தொகை மாறாது. தட்டைத் தாளுக்கு அது பூஜ்ஜியம். ஆகவே எப்படிச் சுருட்டினாலும் ஏதாவது ஒரு திசையில் தாள் நேராகத்தான் இருந்தாக வேண்டும். புட்டியின் நெடுக்கு வாட்டத்தில் நேராக இருப்பதால்தான் அங்கே படிந்தது. காஸ் தம் தேற்றத்துக்கு 'குறிப்பிடத்தக்க தேற்றம்' என்றே பெயர் சூட்டினார். அந்தப் பெருமிதம் நியாயமானதுதான்.

நானும் ஒரு பட்டறையில் மூன்று மரத்தாள்களைக் கிண்ண வடிவ அச்சில் அழுத்திப் பார்த்திருக்கிறேன். பிடிப்பானை இறுக்க இறுக்க முதலில் மெல்லிய முனகல், அப்புறம் 'டப்' என்று ஒரே சத்தம். ஓரத்திலிருந்து நடுவரை ரேகையோடு பிளந்துவிட்டது. கணினித் திரையில் இதே பரப்பை எவ்வளவு இழுத்தாலும் சத்தம் வராது. வடிவமைப்புக் கல்லூரிகள் பட்டறைக்கு ஒதுக்கும் பணத்தைக் குறைத்து மென்பொருளுக்குக் கொடுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த 'டப்' கேட்டவர்களுக்கு காஸின் தேற்றம் மறக்காது.

ஈம்ஸ் தம்பதி அந்தச் சத்தத்தை எத்தனையோ முறை கேட்டிருப்பார்கள். 1942-இல் அமெரிக்கக் கடற்படைக்காக, அடிபட்ட காலுக்கு வைத்துக் கட்டும் மட்டையை ஒட்டுப்பலகையில் செய்தார்கள். கால் நாலு பக்கமும் வளைந்தது. குதிகாலோ கிட்டத்தட்ட பந்து. அந்த மட்டையின் படத்தை உற்றுப் பாருங்கள். நீள்வட்ட ஓட்டைகளும் வெட்டுகளும் தெரியும். கட்டுத்துணி கோக்கவும் அவை உதவின; ஆனால் முதல் வேலை, இரண்டு பக்க வளைவு வரும் இடத்தில் மிச்ச மரத்தை எடுத்துவிடுவது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,50,000 மட்டைகள் தயாராயின.

நாற்காலியிலும் இதையே முயன்றார்கள். இருக்கையும் முதுகும் சந்திக்கும் இடத்தில்தான் வளைவுகள் மோதின. வெட்டுகள் போட்டும் சரிவரவில்லை. கடைசியில் தொல்லை கொடுத்த அந்த இடத்தையே நீக்கிவிட்டார்கள். 1945-இல் வந்த நாற்காலியில் இருக்கை ஒன்று, முதுகு ஒன்று, இரண்டையும் இணைக்க நடுவே ஒரு முதுகெலும்பு. வாசகர் கேட்ட இடைவெளி அதுதான்.

1950-இல் ஒரே ஓடு நாற்காலியும் வந்துவிட்டது, கண்ணாடி இழையில். இழைகளும் பிசினும் அச்சுக்குள்ளேயே இறுகுவதால் அங்கே தட்டைப் பலகை என்று ஒன்று முதலில் இருக்கவே இல்லை. வளைவாகவே பிறந்த பரப்பு அது. காஸின் விதி அதைத் தடுக்கவில்லை.

பந்தின்மேல் ஒட்டிய தாளை இன்னும் தூக்கிப் போடவில்லையென்றால், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி எட்டு இடங்களில் ஆப்பு வடிவில் வெட்டிவிட்டு மறுபடி ஒட்டிப் பாருங்கள்.