விழக்கூடாது என்பதற்காகக் கட்டிப்போடலாமா?

முதியோர் இல்லத்தில் பெற்றோரைச் சேர்க்க வரும் பிள்ளைகள் பெரும்பாலும் கேட்பது ஒரே உறுதிமொழியைத்தான்: "அப்பா கீழே விழுந்துடாம பார்த்துக்குங்க." நியாயமான பயம். வயதான காலத்தில் இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழைய நடைக்குத் திரும்புவதே இல்லை. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்தும் போகிறார். ஆனாலும் முதியோர் மருத்துவராக இல்லங்களுக்குப் போய்வரும் எனக்கு, அந்த வேண்டுகோளைக் கேட்கும்போதெல்லாம் வேறொரு கவலை வருகிறது. ஆள் பற்றாத இல்லத்தில் அதை நிறைவேற்றச் சுலபமான வழி, அவரை எழுந்திருக்கவே விடாமல் செய்வதுதான்.

அதற்குக் கயிறு வேண்டியதில்லை. சக்கர நாற்காலியில் ஓர் இடுப்புப் பட்டை போதும். முன்னால் பூட்டிய பலகை, தானாக எழ முடியாத அளவுக்குப் பள்ளமான சாய்வு நாற்காலி, கைக்கு எட்டாத மூலையில் வைத்த வாக்கர், எல்லாம் அதே வேலையைச் செய்யும். பார்க்க வரும் குடும்பத்தினருக்கு இவை பாதுகாப்பு ஏற்பாடாகவே தெரியும்.

கட்டிலின் இருபுறமும் தூக்கிவிட்ட தடுப்புக் கம்பியை எடுத்துக்கொள்வோம். மனக்குழப்பம் உள்ளவர் அதைப் பார்த்துப் பேசாமல் படுத்துவிடுவதில்லை. அதன்மேல் ஏறி இறங்கப் பார்ப்பார். விழுந்தால் இன்னும் உயரத்திலிருந்து விழுவார். கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவே தலையோ கழுத்தோ சிக்கி உயிர் போனதும் உண்டு. இதைப் பற்றி, மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 1995-லேயே எச்சரித்தது. அங்கே 1987-ல் வந்த முதியோர் இல்லச் சீர்திருத்தச் சட்டம், ஊழியர்களின் வசதிக்காகவோ தண்டனையாகவோ ஒருவரைக் கட்டிவைக்கக்கூடாது என்றது. கட்டுகளை அவிழ்த்துவிட்டால் பலத்த காயங்கள் பெருகும் என்ற அச்சத்தை, பின்னர் வந்த ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை.

உட்காரவைத்தே, படுக்கவைத்தே நாட்களைக் கடத்தினால் உடம்பு வேகமாகக் கரையும். ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. நோயாளிக்கு இழப்பு இன்னும் கூடும். ஆக, விழாமல் இருக்கக் கட்டிவைத்தவரை அவிழ்க்கும் நாளில் அவர் முன்னைவிட எளிதாக விழுவார். அதைக் காரணம் காட்டி மறுபடி கட்டுவார்கள்.

அப்புறம் படுக்கைப் புண். குதிகால், வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு இவைதான் முதலில் பாதிக்கப்படும் இடங்கள். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கி ரத்த ஓட்டம் நின்றுபோனால், சில மணி நேரத்திலேயே சேதம் தொடங்கிவிடும். விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்புதான் முதல் அறிகுறி என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். கறுத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்கே தெரியாமல் போகலாம், தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தால் அன்றைக்கே செவிலியரிடம் காட்டுங்கள். நீங்கள் பார்க்கப் போகும்போது காலுறையைக் கழற்றிக் குதிகாலைப் பார்ப்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

எனக்கு மிகுந்த கோபம் வருவது மாத்திரையால் கட்டிவைக்கும்போதுதான். மறதி நோய் உள்ள ஒருவர் இரவில் நடக்கிறார், கத்துகிறார் என்றதும் ரிஸ்பெரிடோன், குவெட்டியாபைன், ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் சீட்டில் ஏறிவிடுகின்றன. கடும் வேதனையிலோ, தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையிலோ இருப்பவருக்கு, குறைந்த அளவில் குறுகிய காலம் இவை தேவைப்படலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன. எஃப்.டி.ஏ. 2005-ல் இந்த வகையின் புதிய மருந்துகளுக்கும் 2008-ல் பழையவற்றுக்கும் மருந்து விவரத்தாளில் இதைக் கட்டம் போட்டு எச்சரிக்க வைத்தது. போதாக்குறைக்கு, தள்ளாட்டத்தை உண்டாக்கி விழவும் வைக்கின்றன. "இப்ப ரொம்ப அமைதியா இருக்காங்க" என்று யாராவது சொன்னால் மகிழ்வதற்கு முன் மருந்துச் சீட்டைக் கேளுங்கள். எந்த மாத்திரை, எதற்காக, எப்போது நிறுத்தப் போகிறார்கள்?

சரி, விழாமல் எப்படித்தான் காப்பது? ஏன் எழுகிறார் என்று கேட்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு இல்லத்தில் விடியற்காலை நேரத்தில் அடிக்கடி விழுந்துகொண்டிருந்த பெரியவரைப் பார்க்கச் சொன்னார்கள். பட்டை போடலாமா என்பதுதான் அவர்கள் கேள்வி. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை அவருக்கு இரவில் கொடுத்துவந்தார்கள். அதைக் காலைக்கு மாற்றி, படுக்குமுன்னும் நடு இரவிலும் ஒருமுறை கழிப்பறைக்கு அழைத்துப்போகச் சொன்னேன். விழுவது வெகுவாகக் குறைந்தது. பெரும்பாலும் இப்படி ஏதோ ஒரு சாதாரணக் காரணம்தான் இருக்கும். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 புள்ளி இறங்குகிறதா என்று அளந்து பார்த்தால் பல விழுதல்களுக்கு விடை கிடைக்கும். தாழ்ந்த கட்டில், வழியில் ஒரு சிறு விளக்கு, பிடிப்புள்ள செருப்பு, தினமும் கொஞ்சம் நடை. இவ்வளவுக்கும் ஆள் வேண்டும். அதனால் இல்லத்தைத் தேர்வு செய்யும்போது கட்டடத்தை விட்டுவிட்டு, இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர்கள், அவர்களில் செவிலியர் யார் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

எடையையும் மாதாமாதம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதம், அதாவது 50 கிலோ இருப்பவருக்கு இரண்டரைக் கிலோ குறைந்திருந்தால், காரணத்தைத் தேடியே ஆகவேண்டும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று உளறினால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் தொற்றோ நீர்ச்சத்துக் குறைவோ மருந்தோ காரணமாக இருக்கலாம். "வயசாச்சுல்ல" என்று விடாமல் அன்றே மருத்துவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

சேர்க்கும் நாளில் இல்லத்துக்கு எழுத்தில் ஒன்றைக் கொடுக்கும்படி குடும்பங்களிடம் சொல்லிவருகிறேன்: இவர் நடக்கட்டும், நடந்தால் விழவும் கூடும் என்பது எங்களுக்குத் தெரியும், பட்டையோ தடுப்போ போடுவதற்கு முன்பும், அமைதிப்படுத்தும் மருந்து தொடங்குவதற்கு முன்பும் அவரிடமும் எங்களிடமும் பேசுங்கள். பெரியவருக்குப் புரியும் என்றால் முதல் கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும். "விழுந்தால் வழக்குப் போடுவார்களோ" என்று பயப்படும் பல நல்ல ஊழியர்கள், இந்தத் தாள் கோப்பில் இருந்தால்தான் துணிந்து அவரை நடக்க விடுகிறார்கள்.