வலையில் ஆவுளியா சிக்கினால்: விட்டதற்குச் சாட்சி வேண்டும்

எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் தஞ்சை மாவட்டக் கரையில் மல்லிப்பட்டினம் பக்கம் திருக்கை வலையில் மாட்டிய ஆவுளியாவை, அதாவது கடல்பசுவை, வலையை அறுத்து உயிரோடு விட்டான். கிழிந்த வலையோடு கரைக்கு வந்து விஷயத்தைச் சொல்லப் போனவனிடம் ஒரு அலுவலகத்தில் “போட்டோ இருக்கா?” என்றார்கள். இல்லை. இன்னொரு அலுவலகத்தில் “இது எங்க வேலை இல்லை” என்றார்கள். மூன்றாவது இடத்தில், எதற்கு அங்கே வலை போட்டாய் என்று குற்றவாளியை விசாரிப்பது போல விசாரித்தார்கள். நாலு நாள் தொழில் போனதுதான் மிச்சம். அவனுக்கு நடந்தது அடுத்தவருக்கு நடக்கக் கூடாது.

சட்டம் இவ்வளவுதான். ஆவுளியா, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. திமிங்கலச் சுறா, கடலாமை, ரம்பம் போன்ற மூக்குள்ள வேளா மீன் எல்லாம் அதே பட்டியல்தான். வேட்டையாடினாலோ கறி விற்றாலோ 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். உயிரோடு விடுபவர்களுக்கு வனத்துறை பாராட்டும் ரொக்கப் பரிசும் கொடுத்து வருகிறது.

2022 செப்டம்பரில் அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடல்பசு பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். அங்கே மீன் பிடிக்கவே கூடாது என்று ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது. தவறு. இதனால் மீனவர்களுக்குப் புதிய கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று அரசே சொல்லியிருக்கிறது. அந்தப் பயத்தில், ஆவுளியாவை விட்ட செய்தியை மறைத்துவிடாதீர்கள்.

இனி கடலில் செய்ய வேண்டியது. ஆவுளியா மீன் இல்லை, மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். வலை அமுக்கிப் பிடித்தால் சில நிமிடத்தில் செத்துவிடும். அதனால் முதலில் தலைப்பக்கம் வலையை அறுங்கள், அப்புறம்தான் போன். வாலைப் பிடித்து இழுக்காதீர்கள், படகில் ஏற்றாதீர்கள். அதன் மேல் கை போட்டு எடுக்கும் செல்ஃபி பின்னால் உங்களுக்கு எதிராகவே திரும்பும். ஒருவர் அறுக்கும்போது இன்னொருவர் வீடியோ எடுக்கட்டும். படகின் பதிவு எண், அறுந்த வலை, அது நீந்திப் போவது, இந்த மூன்றும் ஒரே வீடியோவில் வர வேண்டும். கடைசியில் ஜிபிஎஸ் திரையையும் ஒரு படம். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலப்படத்தை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் வழியாகப் போகும் படத்தில் எடுத்த நேரம், இடம் பற்றிய பதிவு ஒட்டியிருக்காது. கேள்வி வருவதும் அங்கேதான்.

ஆமையிலோ சுறாவிலோ எண் பொறித்த பட்டை அல்லது சிறு கருவி மாட்டியிருந்தால், அது ஆராய்ச்சிக்காகக் கட்டியது. கழற்ற வேண்டாம். எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.

வலையில் ஆவுளியா செத்துக் கிடந்தால்? கமுக்கமாகக் கடலில் தள்ளிவிட்டு வராதீர்கள். எடுத்த இடத்திலிருந்தே வனத்துறைக்குப் போன் போடுங்கள். முந்திக்கொண்டு சொன்னவர் சாட்சி ஆவார். மறைத்தவருக்கு நிலைமை வேறு.

கரைக்கு வந்த அன்றே நடந்ததை எழுதி மனு கொடுங்கள். இது மீன்வளத்துறை வேலை இல்லை. வனச்சரக அலுவலகத்துக்குப் போக வேண்டும், தஞ்சை மாவட்டக் கரைக்குப் பட்டுக்கோட்டைக்கு. வாயால் சொல்லிவிட்டு வருவது சொல்லாததற்குச் சமம். மனுவில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். “அப்புறம் வாங்க” என்றால் நகர வேண்டாம், இல்லையென்றால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் சறுக்குவது பெயரில்தான். படகு இறந்துபோன அப்பா பேரில் இருக்கும், ஓட்டியது மகன். வலை ஒருவருடையது, அறுத்தது கூலிக்கு வந்தவர். பரிசு வரும்போது உரிமையாளர் பெயர் மட்டும் எழுதினால் மற்றவர்கள் வெளியே நிற்பார்கள். படகில் இருந்த அத்தனை பேர் பெயரையும் முதல் மனுவிலேயே எழுதுங்கள். ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயர் எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஒரு இனிஷியல் வித்தியாசத்துக்கு மாதக்கணக்கில் அலைய விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

பதிலே வரவில்லையா? திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் சீல் போட்ட நகலைக் கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரே கேள்வி கேளுங்கள்: “இந்தத் தேதியில் நான் கொடுத்த மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன, இப்போது எந்த அலுவலரிடம் இருக்கிறது?” 30 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும்.