மாடல்: அளவில் பிறந்த சொல்

டிசைன் படிக்கிற மாணவர்களின் பேச்சில் ஓயாமல் வந்துபோகும் சொல் மாடல். தெர்மோகோலை வெட்டி ஒட்டிய குட்டி நாற்காலியும் மாடல்தான். சந்தைக்குப் போய் வந்து, சார்ட் தாளில் வட்டமும் அம்புக்குறியுமாக வரைந்து சுவரில் ஒட்டுவதும் மாடல்தான். நாற்காலி கண்ணுக்குத் தெரிகிறது, அதில் சிக்கல் இல்லை. சுவரில் ஒட்டிய தாளைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதில்தான் தடுமாற்றம்.

சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. மோதுஸ் என்றால் அளவு. மோதுலுஸ் என்றால் சிற்றளவு. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் மோதுலுஸ் ஒன்றை அலகாக வைத்து, கோயிலின் மற்ற பாகங்களை அதன் மடங்குகளாகச் சொல்கிறார். இதே சொல்தான் இத்தாலியனில் மொதெல்லோ ஆகி, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. மாட்யூலும், வார்ப்புக்கான மோல்டும் இதன் உறவுச் சொற்களே. 1418இல் பிளாரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்துக்குப் போட்டி அறிவித்தபோது, கலைஞர்களிடம் கேட்டது மாடல்களைத்தான். பின்னால் அந்தக் குவிமாடத்தைக் கட்டிய புருனெல்லெஸ்கியும் ஒன்று செய்து காட்டினார்.

அளவிலிருந்து உரு பிறப்பது நம் ஊருக்கும் பழக்கமானதே. சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னை ஓலைக் கீற்று ஒன்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, தாலக் கணக்குப்படி மடிப்பார்கள். முகத்தின் நீளம் ஒரு தாலம். அந்த மடிப்புகளே அளவுகோல். ஒடியோலை என்று அதற்குப் பெயர். அந்த அளவில் மெழுகு உருச் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூடுகாட்டி மெழுகை வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். மோதுலுஸ், மாடல், மோல்டு மூன்றும் இங்கே ஒரே பட்டறையில் இருக்கின்றன.

சரி, சார்ட் தாளுக்கு வருவோம். 1958இல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி, வடிவமைப்புப் பயிற்சி பற்றி இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை தந்தார்கள். அதில் நம் செம்பை எடுத்துக்கொண்டு, எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், தலையிலா இடுப்பிலா, எப்படிச் சுமப்பார்கள், யாருடைய கை பிடிக்கும், எப்படிச் சாய்த்து ஊற்றுவார்கள் என்று கேள்விகளை அடுக்குகிறார்கள். இந்தக் கேள்விகளுக்கு வகுப்பறையில் பதில் இல்லை. ஊருக்குள் போய்ப் பார்க்க வேண்டும். 1961இல் அகமதாபாத்தில் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் கைவினை ஆவணப்படுத்தல் ஒரு பாடமாகவே வேரூன்றியது. அங்கே பல காலம் கற்பித்த எம். பி. ரஞ்சன், மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, வெளியே அனுப்பி, கண்டதையும் கேட்டதையும் பெரிய படங்களாக வரையவைத்தார்.

ஏன் வரைய வேண்டும்? கோயம்பேட்டுக்குப் போகும் ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். நோட்டில் விலை, மூட்டை, ஏற்றுக்கூலி எல்லாம் இருக்கும். அதையே படமாக்கும்போது விவசாயி, கமிஷன் கடைக்காரர், தள்ளுவண்டிக்காரர் என்று காய் போகும் வழியை ஓர் அம்புக்குறி காட்டும். பணம் எதிர்த்திசையில் வர வேண்டும். ஆனால் வண்டிக்காரருக்கு விடியற்காலையில் முதல் எங்கிருந்து வந்தது? வட்டிக்குக் கடன் தரும் தண்டல்காரரைச் சேர்க்காமல் படம் நிற்காது. மாலையில் மிஞ்சிய தக்காளி எங்கே போகிறது? அங்கே அம்புக்குறியே இல்லை. மறுநாள் திரும்பப் போய்க் கேட்டுத்தான் ஆக வேண்டும். நோட்டில் மறைந்திருக்கும் ஓட்டையைப் படம் காட்டிக்கொடுத்துவிடும். அழகாக முடித்த படத்தைவிட, அடித்துத் திருத்திய படத்துக்கே நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

இப்போது தமிழ்ச் சொல். படிமம் என்று சிலர் எழுதுகிறார்கள். அது கவிதைக்கும் சிலைக்கும் போய்விட்ட சொல், இங்கே ஒட்டவில்லை. உருவம் என்றால் திடப்பொருள் மட்டுமே நினைவுக்கு வருகிறது. வரைபடம் என்றால் மேப் என்று நினைப்பார்கள். மிஞ்சுவது மாதிரி. வினாத்தாளுக்கும் துணிக்கடைத் துண்டுக்கும் இதையேதானே சொல்கிறோம் என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். ‘அது மாதிரி’ என்கிறபோதே, அதுவே அல்ல, அதைப் போன்றது என்ற பொருள் வந்துவிடுகிறது. சந்தையின் மாடல் சந்தை ஆகாது. சில உறவுகளை மட்டும் பிடித்துக் காட்டும் சாயல் அது.

முன்னால் ஓர் அடைமொழி சேர்த்தால் குழப்பம் தீரும். சிறிதாக்கிச் செய்த பொருளுக்கு உருமாதிரி. இயக்கிப் பார்க்கிற புரோட்டோடைப்புக்கு, ஏற்கெனவே புழங்கும் முன்மாதிரி. சுவரில் ஒட்டும் தாளுக்குக் காட்சி மாதிரி. ஃபீல்டு ரிசர்ச்சுக்குக் கள ஆய்வு நன்றாகவே நிலைத்துவிட்டது, அதை மாற்ற வேண்டியதில்லை. ஆய்வேட்டில் ‘கள ஆய்வுக்குப் பின் காட்சி மாதிரியை இருமுறை திருத்தி வரைந்தோம்’ என்று எழுதினால் டிசைன் படிக்காதவருக்கும் புரியும்.