ஆள்புலம்: டோக்கெலாவை முன்வைத்து ஒரு சொல் விளக்கம்

'டெரிட்டரி' என்ற சொல்லுக்குத் தமிழ் ஆள்புலம். ஓர் அரசின் அதிகாரம் செல்லும் நிலம், அதை ஒட்டிய கடல், மேலே உள்ள வான்வெளி ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்வது இதன் முதற்பொருள். இன்னொரு பொருளும் உண்டு. ஒரு நாட்டுக்கு உட்பட்டிருந்தும் அதன் மாநிலமாகவோ மாவட்டமாகவோ இல்லாமல், தனிச் சட்டத்தின்கீழ் ஆளப்படும் பகுதியையும் அச்சொல் குறிக்கும். சிறு தீவுகளைப் பற்றிய எழுத்தில் பெரும்பாலும் இந்த இரண்டாம் பொருளே வரும். அதைப் பிடிக்கத் தவறுவதால்தான் ஒரே தீவு ஓரிடத்தில் நாடாகவும், ஓரிடத்தில் காலனியாகவும், மற்றோரிடத்தில் பிரதேசமாகவும் எழுதப்படுகிறது.

மூலம் இலத்தீன் 'தெர்ரிதோரியம்'. நிலத்தைக் குறிக்கும் 'தெர்ரா'விலிருந்து பிறந்தது என்பதே பரவலான கருத்து. உரோமச் சட்ட அறிஞர் பொம்பொனியுஸ் வேறொரு விளக்கத்தையும் பதிந்திருக்கிறார். அதன்படி, ஓர் ஊரின் எல்லைக்குள் அச்சுறுத்தவும் விலக்கி நிறுத்தவும் அதிகாரிக்கு உரிமை உண்டு. ஆகவே அச்சுறுத்தலைக் குறிக்கும் 'தெர்ரேரே'யிலிருந்து சொல் வந்தது என்பர் சிலர். வேர்ச்சொல் ஆய்வாக இது நிற்குமா என்பது ஐயமே. ஆனால் வெறும் மண் அன்று, அதிகாரம் செல்லும் மண் என்ற கருத்து அப்போதே அச்சொல்லுக்குள் இருந்திருக்கிறது.

தமிழில் 'பிரதேசம்' இந்த வேலைக்குப் போதாது. இந்தியாவில் ஆந்திரப் பிரதேசம் ஒரு மாநிலம்; இலங்கையில் பிரதேசச் செயலகம் மாவட்டத்துக்கும் கீழே உள்ள அலுவலகம். 'பிராந்தியம்' வட்டாரத்தைத்தான் சுட்டும். இந்திய அரசமைப்பின் தமிழாக்கம் 'ஆட்சிநிலவரை' என்கிறது. பொருள் பிசகாத ஆக்கம்தான், ஆனால் கடலும் வானும் அடங்கிய ஒன்றை நிலவரை என்பது இடிக்கிறது. நாவிலும் எளிதில் உருள்வதில்லை. இலங்கைச் சட்டத் தமிழில் வழங்கும் ஆள்புலமே இவற்றுள் சிறந்தது. புலம் என்பது வயல், இடம், திசை என்று விரியும் பழஞ்சொல். 'புலம்பெயர் மாக்கள்' என்கிறது பட்டினப்பாலை. அங்கே புலம் சொந்த மண். 'ஆள்' ஆளுதல் என்னும் வினையின் பகுதி.

எழுத்து வடிவத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'ஆட்புலம்' என்றும் பலர் எழுதுகிறார்கள். நாள் + குறிப்பு நாட்குறிப்பு ஆவதுபோல் ளகரம் டகரமாகத் திரிவது பெயர்ச்சொல் முன்னிற்கும்போது. வினைத்தொகையில் அது திரியாது. கொள்கலம் கொட்கலம் ஆவதில்லை. ஆளும் புலம், ஆளப்படும் புலம் என்ற பொருளில் இது வினைத்தொகை, ஆகவே ஆள்புலம் என்பதே இலக்கணத்துக்கு ஒத்தது. ஆட்புலம் என்றால் 'ஓர் ஆளின் புலம்' என்று பொருள் மாறிவிடும்.

சொல்லின் முழு எடையும் தெரிய டோக்கெலாவைப் பார்க்கலாம். பசிபிக் பெருங்கடலில், சமோவாவுக்கு வடக்கே சுமார் 500 கிலோமீட்டரில் அட்டாஃபு, நுகுனோனு, ஃபாகஓஃபோ என்ற மூன்று பவளத்தீவு வளையங்கள். மொத்த நிலம் ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏறக்குறைய 1,500 பேர். 1948இல் இயற்றிய சட்டத்தால், 1949 ஜனவரி 1 முதல் இது நியூசிலாந்தின் பகுதி. மக்கள் நியூசிலாந்துக் குடிமக்கள், நாணயம் நியூசிலாந்து டாலர். ஆயினும் நியூசிலாந்து நாடாளுமன்றச் சட்டம், டோக்கெலாவுக்கும் பொருந்தும் என்று வெளிப்படையாகச் சொன்னால் ஒழிய அங்கே செல்லாது. மாநிலத்துக்கும் ஆள்புலத்துக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு விதியிலேயே தெரியும்.

ஆட்சியின் அடித்தளம் ஊர். ஒவ்வொரு தீவுக்கும் குடும்பத் தலைவர்களும் மூத்தோரும் அமரும் 'டவ்புலேகா' என்ற ஊரவை உண்டு. நியூசிலாந்து நியமிக்கும் நிர்வாகியிடம் இருந்த அதிகாரங்கள் 2004இல் இந்த மூன்று ஊரவைகளுக்கும் மாற்றப்பட்டன. மூன்று ஊருக்கும் பொதுவானவற்றை 'பொது ஃபோனோ' என்ற பேரவை கவனிக்கும். ஒவ்வோர் ஊரும் மூன்றாண்டுக்கு ஒருமுறை 'ஃபைபுலே' என்ற தலைவரைத் தேர்ந்தெடுக்கும். மூவரும் ஆண்டுக்கு ஒருவராக அரசின் தலைமையை ஏற்பார்கள். நிலையான தலைநகரம் கிடையாது.

இத்தனை இருந்தும் ஐ.நா. பட்டியலில் டோக்கெலாவ் 'தன்னாட்சி பெறாத ஆள்புலம்'. நியூசிலாந்துடன் கட்டற்ற இணைவில், அதாவது தன்னைத் தானே ஆண்டுகொண்டு விருப்பத்தின்பேரில் தொடரும் உறவில் உள்ள தன்னாட்சி நாடாக மாற, 2006இலும் 2007இலும் வாக்கெடுப்பு நடந்தது. தேவை மூன்றில் இரண்டு பங்கு. முதல் முறை 60 விழுக்காடு. இரண்டாம் முறை 692 வாக்குகளில் 446 ஆதரவு, 16 வாக்குகள் குறைவு. ஏற்பாடு மாறவில்லை.

நிலம் 12 சதுர கிலோமீட்டர் என்றாலும் அதைச் சூழ்ந்த, மீன் முதலிய வளங்களில் அதற்கே உரிமையுள்ள பொருளாதாரக் கடல்வலயம் 3 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். சூரை மீன் பிடிக்கவரும் அயல்நாட்டுக் கப்பல்கள் கட்டும் உரிமக் கட்டணமே உள்ளூர் வருவாயில் பெரும்பங்கு. மீதிக்கு நியூசிலாந்தின் உதவி. ஊர்க்காரர் பொதுவில் பிடிக்கும் மீனை 'இனாட்டி' முறையில் வீடுதோறும் ஆள்கணக்குப் பார்த்துப் பங்கிடுகிறார்கள். இது சந்தைக்கு வராத பொருளாதாரம். வருவாய்க் கணக்கை மட்டும் பார்ப்பவர் இதைத் தவறவிடுவார்.

விமான நிலையம் இல்லை, கப்பல் அணையும் துறைமுகமும் இல்லை. சமோவாவின் ஆப்பியாவிலிருந்து கப்பல் வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். கப்பல் பவளப்பாறைக்கு வெளியே நிற்க, ஆளும் சரக்கும் சிறு படகில் மாறி, பாறையில் வெட்டிய குறுகிய வழியாகக் கரைசேர வேண்டும். அலை உயர்ந்தால் இறக்குவது நின்றுவிடும். மின்சாரம் எடுக்கத் தேவையான டீசல் பீப்பாய்களும் இவ்வழியேதான் வந்தன. 2012இல் மூன்று தீவுகளிலும் 4,032 சூரியத் தகடுகளும் 1,344 மின்கலங்களும் பொருத்தியபின் அந்தச் சுமை பெரிதும் இறங்கியது. ஆனால் உறைபெட்டிகள் பெருகி மின்தேவை ஏறினால், மேகம் மூடிய நாட்களில் மின்கலங்கள் வடிந்து மீண்டும் டீசல் இயந்திரத்தை ஓட்ட நேரும்.

தண்ணீர் இன்னும் கடினம். ஆறு இல்லை, நிலத்தடி நன்னீரும் மெல்லிய படலமே. கூரையில் விழும் மழையைத் தொட்டிகளில் பிடித்துத்தான் குடிக்கிறார்கள். 2011 அக்டோபரில் மழை பொய்த்து அவசரநிலை அறிவித்தபோது, வெளியிலிருந்து கப்பலில் நீர் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இனி, இச்சொல்லை வழங்கும் முறை. நாட்டின் கரையை ஒட்டிய கடல் 'ஆள்புலக் கடல்'. தொலைவிலிருந்து ஆளப்படும் தீவு 'கடல்கடந்த ஆள்புலம்'. குடியேற்ற ஆட்சிக் காலத்தைப் பற்றி எழுதும்போது 'குடியேற்ற நாடு' பொருந்தும். இன்றைய டோக்கெலாவுக்கு அதை ஒட்டக்கூடாது. பசிபிக்கிலேயே உள்ள நியுவேயையும் குக் தீவுகளையும் நியூசிலாந்தின் ஆள்புலம் என்பதும் பிழை. குக் தீவுகள் 1965 முதலும் நியுவே 1974 முதலும் நியூசிலாந்துடன் கட்டற்ற இணைவில் உள்ள தன்னாட்சி நாடுகள்.