கத்தியைப் படமெடுக்கப் பெரிய கேமரா வேண்டாம்

பொருட்களைப் படமெடுத்துக் கொடுப்பது என் தொழில். நகை, பாத்திரம், கைக்கடிகாரம் என்று வருபவற்றுக்கு நடுவே சில வருடங்களாகப் பழைய கத்திகளும் மேசைக்கு வருகின்றன. அமெரிக்காவின் கேஸ், பக் நிறுவனக் கத்திகள், பிரான்ஸின் ஒப்பினெல், நேபாளத்துக் குக்ரி என்று தேடித்தேடிச் சேர்ப்பவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். விற்கவோ, மாற்றிக்கொள்ளவோ, தங்கள் கணக்குக்கு ஒரு பதிவாகவோ அவர்களுக்குப் படம் வேண்டும். முதலில் கேட்பது, "எந்த கேமரா சார் வாங்கலாம்?" என்பதைத்தான். கையில் இருக்கும் போனோ, பீரோவில் சும்மா கிடக்கும் சின்ன டிஜிட்டல் கேமராவோ போதும் என்றால் முகம் வாடிவிடும். ஆனால் நான் பார்த்தவரை கத்திப் படங்களைக் கெடுப்பது பெரும்பாலும் கேமரா இல்லை. கத்திக்கு எதிரே இருக்கும் அறைதான்.

மெருகேற்றிய எஃகு ஒரு கண்ணாடி. தனக்கு எதிரே என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். படத்தில் அலகு கன்னங்கரேலென்று விழுந்திருந்தால் அது இருட்டான கூரையையோ உங்கள் கறுப்புச் சட்டையையோ காட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு பளீரென்று ஓடினால் அது மேலே எரியும் டியூப்லைட். ஃபிளாஷ் போட்டால் ஒரு புள்ளி மட்டும் வெடித்து, மற்றதெல்லாம் இருண்டுவிடும். அதனால் ஃபிளாஷை முதலில் அணைத்துவிடுங்கள். அப்புறம் அலகின் எதிரே நல்லதாக ஒன்றை வையுங்கள். அதாவது ஒரு பெரிய வெள்ளைப் பரப்பு.

நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கம் மேசையைப் போடுங்கள். ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியையோ டிரேசிங் பேப்பரையோ கட்டுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் ஒன்றாக விழுந்தால் எலும்புப் பிடியின் நிறம் ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் மஞ்சளாகவும் வரும். அதை எந்த ஆப்பிலும் ஒழுங்காகச் சரிசெய்ய முடியாது. மின்விசிறியையும் நிறுத்துங்கள், வேட்டி ஆடும்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. கேமரா இருக்கப்போகும் இடத்துக்கு உங்கள் கண்ணைக் கொண்டுபோய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு அலகைப் பாருங்கள். அதில் என்ன தெரிகிறது? ஜன்னல் சட்டமா, உங்கள் கையா? அலகு முழுக்க வெள்ளைத் துணி நிரம்பும் வரை கத்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும். பிடிக்கு அடியில் ஒரு சின்ன அழிரப்பர் துண்டை வைத்து, அதை முன்னும் பின்னும் நகர்த்தினாலே போதும். அரை மில்லிமீட்டர் தூக்கினால் இருட்டாக இருந்த அலகு சட்டென்று வெளுக்கும். ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும் என்று பள்ளியில் படித்தோமே, அந்த ஒரு விதிதான் இங்கே எல்லாமும். இதைப் பார்த்துப் பழகிவிட்டால் பாதிப் படம் முடிந்தது.

முழுக்க வெள்ளையாகிவிட்டாலும் சிக்கல்தான். அலகு காகிதத்தில் வெட்டி ஒட்டியது மாதிரி தட்டையாகத் தெரியும். வெள்ளைத் துணியின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுப்புச் சார்ட் பட்டை ஒன்றைத் தொங்கவிடுங்கள். அதன் பிம்பம் அலகின் முதுகுப் பக்கமாக விழும்படி நகர்த்தினால், சாணை பிடித்த சரிவு எங்கே தொடங்குகிறது என்று தெளிவாகக் கோடு விழும்.

எல்லா அலகும் ஒரே மாதிரி பேசாது. தட்டையாகச் சாணை பிடித்த அலகு எளிது, ஒரே திசையைத்தான் காட்டும். குக்ரி மாதிரி புடைத்த அலகு மொத்த அறையையும் இழுத்துக் காட்டும். அதற்கு ஜன்னல் அளவு துணி பற்றாது, தலைக்கு மேலும் ஒரு வெள்ளைத் துணி கட்ட வேண்டியிருக்கும். பக் 110 மாதிரி உட்குழிவாகச் சாணை பிடித்தது வேறு ரகம். கொஞ்சம் சாய்த்தாலும் வெளிச்சப் பட்டை எதிர்த்திசையில் ஓடும், முதலில் குழப்பும்.

அந்தப் பக் 110 பற்றிச் சொல்ல வேண்டும். 1964இல் வந்த மடக்குக் கத்தி, இன்றும் தயாரிக்கிறார்கள், சேகரிப்பவர்களிடம் தவறாமல் இருக்கும். பளபளக்கும் பித்தளைப் பூண், கருப்பு மரப் பிடி, வெள்ளி நிற அலகு. மூன்றும் ஒரே படத்தில். மரத்தின் ரேகை தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டினால் பூண் வெள்ளையாக வெந்துவிடும். வெந்துபோன இடத்தில் எந்தத் தகவலும் இருக்காது, பிறகு குறைத்தாலும் திரும்பி வராது. அதனால் கேமராவின் கூட்டல் கழித்தல் குறியை, அதாவது எக்ஸ்போஷர் அளவை, பூணை வைத்து முடிவு செய்யுங்கள். மரம் இருண்டால் தெர்மாகோலை மரத்துக்குப் பக்கத்தில் நெருக்கிக் கொண்டுவாருங்கள். மெருகு பூசிய மரம், கொம்புப் பிடி இவற்றின் பளபளப்பைக் குறைக்க போலரைசிங் ஃபில்டர் உதவும். அலகுக்கு உதவாது, வெற்று உலோகத்தின் பிரதிபலிப்பை அது வெட்டாது. கடையில் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம்.

வெள்ளைத் துணிமேல் கத்தியை வைத்தால் படம் மங்கலாகச் சாம்பல் நிறத்தில் வருகிறது என்று நிறையப் பேர் புலம்புவார்கள். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்து வெளிச்சத்தை அளக்கும். அதனால் வெள்ளைப் பின்னணியில் கூட்டல் பக்கம் ஒன்று, ஒன்றரை நகர்த்துங்கள். கறுப்பு வெல்வெட்டில் எதிர்மாறு. எனக்குப் பிடித்தது சாதாரண சாம்பல் நிறச் சார்ட் பேப்பர். இரண்டு பக்கமும் தொல்லை இல்லை. மரக்கட்டை, காய்ந்த இலை, தோல் பெல்ட், மதுக் கோப்பை என்று சுற்றி அலங்கரிப்பது எனக்குப் பிடிக்காது. வாங்குபவர் கோப்பையை வாங்கப் போவதில்லை.

கேமராவைக் கையில் பிடிக்க வேண்டாம். ட்ரைபாட் இல்லையென்றால் புத்தக அடுக்கு போதும், இரண்டு வினாடி டைமரை வையுங்கள். சின்ன கேமராவில் பூக்குறி போட்ட மேக்ரோ நிலை இருக்கும். அதை நம்பி மூக்குக்கு முன்னால் கொண்டுபோய் முழுக் கத்தியையும் எடுத்தால், நேரான அலகு வளைந்து தெரியும். நுனி சின்னதாகவும் பிடி பெரிதாகவும் வரும். போனில் அகலக் கோண லென்ஸ் தானாக மாறிக்கொண்டாலும் இதே கதை. கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று, லேசாக ஜூம் செய்யுங்கள். மேக்ரோவை முத்திரைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சின்ன கேமராவுக்கு ஒரு வசதி உண்டு: உள்ளே இருக்கும் சென்சார் சின்னது என்பதால், முன்னும் பின்னும் அதிக ஆழம் வரை கூர்மையாகவே விழும். பெரிய கேமராவில் இதற்காகப் படாதபாடு படுவோம்.

முத்திரை என்றேனே, சேகரிப்பவருக்கு அதுதான் உயிர். கேஸ் கத்திகளில் அலகின் அடியில், பிடிக்குள் நுழையும் இடத்தில், பெயரும் அதன் கீழே சிறு புள்ளிகளும் அடித்திருக்கும். 1970இல் பத்துப் புள்ளிகளோடு தொடங்கி, வருடத்துக்கு ஒரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1979இல் ஒரே புள்ளி. 1980இல் மறுபடி பத்துப் புள்ளிகள். ஆனால் கேஸ் என்ற ஆங்கிலப் பெயரில் உள்ள எஸ் எழுத்து மின்னல் கீற்று வடிவத்துக்கு மாறியது. ஆக ஒரு புள்ளி மங்கினால் வருடம் மாறிவிடுகிறது, எஸ் மங்கினால் பத்து வருடம் மாறிவிடுகிறது. பக் கத்திகளிலும் 1986 முதல் மாதிரி எண்ணுக்குப் பக்கத்தில் வருடக் குறி ஒன்று இருக்கிறது. முத்திரையை எடுக்கும்போது மட்டும் இவ்வளவு நேரம் சொன்னதைத் தலைகீழாக்குங்கள். மென்மையான வெளிச்சத்தில் பள்ளங்கள் மறைந்துவிடும். போன் டார்ச்சின் மேல் ஒரு டிஷ்யூ பேப்பரைச் சுற்றி, அலகோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்துக்கு ஒரு பக்கம் நிழல் விழுந்து ஒவ்வொரு புள்ளியும் எழும்பி நிற்கும்.

இதே சாய்ந்த வெளிச்சம்தான் கீறலையும் துருப் பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். இங்கேதான் வாங்குபவர்கள் விழித்துக்கொள்ள வேண்டும். வேட்டி வெளிச்சத்தில் எடுத்த ஒரு படத்தை வைத்து மட்டும் பழைய கத்தி வாங்காதீர்கள். வெள்ளையை நிரப்பி எடுத்தால் மாதக்கணக்கில் துருப்பிடித்துக் கிடந்த அலகையும் புதுசாகக் காட்டிவிடலாம். எனக்கு அந்த வித்தை தெரியும், விற்பவருக்கும் தெரிந்திருக்கும். அதனால் கேளுங்கள்: சாய்ந்த வெளிச்சத்தில் ஒன்று, இரண்டு பக்கமும் நேர் மேலிருந்து, மடக்கிய நிலையில் முதுகைக் காட்டி ஒன்று. அப்புறம் ஜன்னலுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்து எடுத்த ஒன்று. ஸ்பிரிங்குக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் ஒழுகினால் அந்தப் படத்தில் தெரிந்துவிடும். நேர் மேலிருந்து எடுத்த படத்தில் அலகின் அகலம் தெரியும். பலமுறை சாணை பிடித்துத் தேய்ந்த அலகு, அதே மாதிரியின் நல்ல அலகுக்குப் பக்கத்தில் மெலிந்து நிற்கும். அளவுக்கு நாணயம் வேண்டாம், வெளிநாட்டுக்காரருக்கு நம் ஐந்து ரூபாய் எவ்வளவு பெரிது என்று தெரியாது. ஸ்கேலை வையுங்கள், அதுவும் கத்தியின் உயரத்திலேயே. கீழே வைத்தால் அளவு பொய் சொல்லும்.

போனில் படத்தை மெருகேற்றும் வசதிகள் இருந்தால் நிறுத்திவிடுங்கள். இருட்டில் எடுத்தால் புள்ளிகளைத் துடைக்கிறேன் என்று நுண்கீறல்களையும் சேர்த்துத் துடைத்துவிடும். விற்பவர் நேர்மையானவராக இருந்தாலும் படம் நேர்மையாக இருக்காது.

படத்துக்காகக் கத்தியைப் பளபளப்பாக்க வேண்டாம், இதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். நம் வீடுகளில் பித்தளை என்றால் புளி போட்டுத் துலக்கும் பழக்கம் கையிலேயே ஊறிப்போயிருக்கிறது. கார்பன் எஃகில் புளி பட்டால் அதன் அமிலம் கறையேற்றிவிடும். கார்பன் அலகு கொண்ட ஒப்பினெல்லில் காலப்போக்கில் படரும் நீலச் சாம்பல் பூச்சு அழுக்கில்லை, அதுவே அந்த அலகுக்குப் பாதுகாப்பும்கூட. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அதோடு விலையும் போய்விடும். மென்மையான துணியால் தூசியையும் விரல்ரேகையையும் துடைத்தால் போதும். ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வியர்வை உப்பு கார்பன் எஃகில் துருவாகும். சிவப்புத் துரு தெரிந்தால் கொஞ்சம் மினரல் எண்ணெய் தடவி, தேய்க்காமல் துணியில் ஒற்றி எடுங்கள். போகாததைப் படத்தில் அப்படியே காட்டுங்கள்.

இன்னொன்று. பழைய கத்திகளில் சிலவற்றின் பிடி செல்லுலாய்டால் ஆனது. எளிதில் தீப்பிடிக்கும். சூடான ஹாலஜன் விளக்கைப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழசான செல்லுலாய்டிலிருந்து கசியும் வாயு பக்கத்தில் இருக்கும் அலகுகளையும் அரிக்கும் என்பதால், அந்தக் கத்தியை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் அடைக்கவும் வேண்டாம்.

படங்களை அனுப்பும்முன் போனில் இடக்குறிப்பு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் சேகரிப்பு எந்த வீட்டில் இருக்கிறது என்பது படத்துக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு போகும். வேலை முடிந்ததும் அலகில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்துவிட்டு, தோல் உறைக்குள் திரும்பச் செருகாமல் தனியாக வையுங்கள். தோல் ஈரத்தை இழுத்துப் பித்தளைப் பூணைப் பச்சையாக்கும், அலகைத் துருப்பிடிக்க வைக்கும். உறையையும் இரண்டு பக்கமும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அசல் உறை இருந்தால் அதற்கும் தனி விலை உண்டு.