வெள்ளி விழாவுக்கு மெகா முகாம் வேண்டாம், தயவுசெய்து

மறுபடியும் ஒரு அழைப்பு. ரத்ததானக் குழு ஒன்றுக்கு வெள்ளி விழா. ஒரே நாளில் 500 யூனிட் இலக்கு, பந்தல், கேடயம், விழா மலர், எல்லாம் தயார். "டாக்டர், நீங்க வந்து நாலு வார்த்தை பேசணும்." சரி, அடுத்த பத்து வருடத்துக்கு என்ன திட்டம் என்று கேட்டால், "அடுத்த வருஷம் ஆயிரம் யூனிட் சார்" என்கிறார்கள். ரத்த வங்கியில் வேலை பார்க்கிற யாருக்கும் இந்தப் பதில் வயிற்றைக் கலக்கும்.

சிவப்பணுக்களைப் பதப்படுத்தி வைத்தாலும் அதிகபட்சம் 42 நாள். தட்டணுக்களுக்கு (பிளேட்லெட்) 5 நாள். ஒரே ஞாயிற்றுக்கிழமை 500 பை வந்தால் எங்கள் குளிர்பெட்டியும் ஆட்களும் திணறுவது ஒரு பக்கம் இருக்கட்டும். அன்று கொடுத்த ஆண் அடுத்த 90 நாளுக்குக் கொடுக்க முடியாது, பெண் 120 நாளுக்கு. ஊரில் கொடுக்கக்கூடிய அத்தனை பேரையும் ஒரே நாளில் வரவழைத்துவிட்டால், மூன்றாவது மாதம் பிரசவ வார்டிலிருந்து போன் வரும்போது யாரைக் கூப்பிடுவது? தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள குழந்தைக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். உங்கள் விழா தேதி அந்தக் குழந்தைக்குத் தெரியாது.

இதைவிட எரிச்சல் ஒன்று உண்டு. "எங்கள் வரலாறு" என்று விழா மலரில் போடுவது: தலைவர் படம், செயலாளர் படம், வாழ்த்துரைகள், கடைசியில் "இதுவரை இத்தனை யூனிட்". அந்த எண் வரலாறு இல்லை, கூட்டல் கணக்கு. அதே எண்ணை ஐந்நூறு பேர் பத்து முறை வந்தும் எட்டலாம், ஐயாயிரம் பேர் ஒரே ஒரு முறை வந்துவிட்டுத் திரும்பியே பார்க்காமலும் எட்டலாம். முதல் குழு நாளைக்கும் உயிரோடு இருக்கும். இரண்டாவது குழு ஒவ்வொரு முகாமுக்கும் கல்லூரி வாசலில் போய் நிற்க வேண்டும். மொத்தத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். எத்தனை பேர் இரண்டாவது முறை வந்தார்கள், எத்தனை பேர் நின்றுபோனார்கள், ஏன் நின்றார்கள்? இந்த மூன்றும் தெரியாமல் அடுத்த பத்து வருடத்துக்குத் திட்டம் போடுகிறேன் என்று யாரும் சொல்லாதீர்கள். (திரும்பத் திரும்ப வருபவரின் ரத்தம் ஒவ்வொரு முறையும் பரிசோதனையைத் தாண்டியது. எங்களுக்கு அவர்தான் பொக்கிஷம்.)

வரலாறு என்றால் இது. ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி வாசலிலேயே காசுக்கு ரத்தம் கொடுப்பவர்கள் நின்றார்கள். உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, 1998 ஜனவரி 1 முதல் அது தடை செய்யப்பட்டது. அதற்கப்புறம் அந்தப் பள்ளத்தை நிரப்பியவர்களில் உங்களைப் போன்ற குழுக்களின் முதல் தலைமுறை உண்டு. கைபேசி பரவாத காலம். அப்படி ஒரு குழுவின் நீள நோட்டைப் பார்த்திருக்கிறேன். பெயர், வகை, கடைசியாகக் கொடுத்த தேதி, எண்ணுக்கு எதிரே "பி.பி." என்று பக்கத்து வீட்டு போன். கடைசிப் பத்தியில் பென்சிலில் குறிப்புகள்: "நைட் ஷிப்ட், 10 மணிக்கு மேல் கூப்பிடவும்." "ஊசிக்குப் பயம், கூட ஒருவர் போக வேண்டும்." "வீட்டுக்குப் போன் வேண்டாம், அம்மா திட்டுவார்." இதை எழுதியவர் எந்தப் பதவியிலும் இல்லாத உறுப்பினர். அந்தக் குழுவின் மலரில் அவர் பெயரே வரவில்லை. அவர் ஊர் மாறிப் போனதும் நோட்டு பீரோவுக்குப் போனது. இரண்டே வருடத்தில் பழைய கொடையாளர்கள் பாதிப் பேர் கழன்றுவிட்டார்கள்.

பதிவேட்டில் இன்னொரு வரி உண்டு, யாரும் கண்டுகொள்வதில்லை: "ஹீமோகுளோபின் குறைவு." டெசிலிட்டருக்கு 12.5 கிராம் இல்லாவிட்டால் ரத்தம் எடுக்க மாட்டோம். நம் ஊரில் அப்படித் திருப்பி அனுப்பப்படுபவர்களில் பெண்கள் அதிகம். அதற்கப்புறம் அவர்களை யாராவது கூப்பிட்டு, "சிகிச்சை எடுத்தீர்களா, இப்போது எவ்வளவு?" என்று கேட்டீர்களா? கேட்கவில்லை. மேடையில் மட்டும், "பெண்கள் முன்வருவதில்லை." முன்வந்தார்கள் ஐயா. வரிசையில் நின்றார்கள். நாம்தான் ஒரு ஜூஸ் பாக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டோம். முதல் முறை கொடுத்து மயங்கி விழுந்த பையனும் அப்படித்தான். அவனைச் சுற்றி நின்று சிரித்தவர்கள் குழுவின் ஆட்கள் என்றால் அவன் எப்படி மறுபடி வருவான்?

ஆகவே விழாவுக்கு முன்னால் கொஞ்சம் வேலை இருக்கிறது. பழைய முகாம் தேதிகளை எல்லாம் ஒரு தாளில் பன்னிரண்டு மாதத்துக்கும் பிரித்து எழுதுங்கள். ஜூன் 14 (உலக ரத்ததான நாள்), ஆகஸ்ட் 15, அக்டோபர் 1 (தேசியத் தன்னார்வ ரத்ததான நாள்), அப்புறம் தலைவர்களின் பிறந்தநாள், இவற்றில் குவிந்து கிடக்கும். கல்லூரி மூடியிருக்கும் ஏப்ரல், மே வெறுமையாக இருக்கும். நாங்கள் தவிப்பதும் அந்த இரண்டு மாதம்தான். உங்கள் எதிர்காலத் திட்டத்தின் முதல் வரி அங்கேயே எழுதியிருக்கிறது.

நின்றுபோனவர்களை விழாவுக்குக் கூப்பிடுங்கள். பொன்னாடைக்கு அல்ல, பேசுவதற்கு. ஏன் வருவதை நிறுத்தினீர்கள் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். சர்க்கரை வந்திருக்கும், வயதாகியிருக்கும், உங்கள் குழுச் சண்டை பிடிக்காமல் போயிருக்கும். ரத்தம் கொடுக்க முடியாதவர் போன் செய்யலாம், புதிதாக வருபவர் பக்கத்தில் உட்காரலாம். ஓட்டுநர், டீ கொண்டுவந்தவர், இரவில் போன் எடுத்தவர், இவர்கள் பெயரும் மலரில் வரட்டும். "மகளிர் அணியினர்" என்று மொத்தமாக எழுதாமல் பெயர் பெயராகப் போடுங்கள்.

பழைய நோட்டை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள், மூலத்தைத் தரையிலிருந்து உயரமாக வையுங்கள். "ரத்த வங்கியில் இருக்குமே" என்று அலட்சியம் வேண்டாம். எங்கள் பதிவேடுகளை ஐந்து ஆண்டுதான் வைத்திருக்கச் சொல்கிறது விதி. உங்கள் 2003-ஆம் வருடம் எங்களிடம் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள்.

கொடையாளர் பட்டியலை ரத்த வகை, கைபேசி எண்ணோடு மலரில் அச்சடிக்கவே அடிக்காதீர்கள். யார் ஏன் நிராகரிக்கப்பட்டார் என்பது அவருக்கும் மருத்துவருக்கும் மட்டும் தெரிய வேண்டியது. கொடுப்பவர்களுக்குக் குலுக்கலில் மிக்ஸி தருகிறோம் என்று நோட்டீஸ் போடாதீர்கள். பரிசுக்காக வருபவர் மஞ்சள் காமாலை வந்ததை மறைப்பார். காசுக்கு ரத்தம் என்பதை ஒழித்தவர்களின் விழாவில் மிக்ஸிக்கு ரத்தமா?

முகாமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த 500 பேரைப் பத்தாகப் பிரித்து, ஐம்பது ஐம்பது பேராக வருடம் முழுக்கப் பரப்புங்கள். மே மாதத்துக்கு ஒரு ஞாயிறு ஒதுக்கிவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். பந்தல் வேண்டாம், மின்விசிறி ஓடுகிற ஒரு பள்ளிக்கூட வகுப்பறை போதும். காலை ஏழரைக்கெல்லாம் வண்டியோடு வந்துவிடுகிறோம்.