டீசல் ஃபில்டர்: தூசி, தண்ணீர், காற்று

கழற்றிய டீசல் ஃபில்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன், அதற்குள் மிச்சமிருப்பதை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றிப் பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். போன மாதம் எங்கள் வீட்டுக் காரின் ஃபில்டரை மாற்றியபோது நான் அப்படித்தான் செய்தேன். மேலே வெளிர் மஞ்சளாக டீசல் தெளிந்தது. அடியில் அரை விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர். இரண்டும் சேரும் இடத்தில் கறுப்பாக ஒரு மெல்லிய படலம்.

தண்ணீர் எப்படி வந்தது? டேங்க் பாதி காலியாக இருந்தால் மீதி இடத்தில் இருப்பது காற்று. இரவில் டேங்க் குளிர்ந்ததும் அந்தக் காற்றின் ஈரம் உட்சுவரில் துளித்துளியாகப் படிகிறது. ஐஸ் தண்ணீர் வைத்த சொம்பு வெளியே வியர்க்குமே, அதேதான். டீசலைவிடத் தண்ணீருக்குக் கனம் அதிகம். அதனால் துளிகள் அடியில் போய்ச் சேர்கின்றன.

இந்தத் துளித் தண்ணீருக்கு ஏன் இவ்வளவு பயம்? இன்றைய காமன் ரெயில் எஞ்சினில், அதாவது ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் எஞ்சினில், அந்த டீசலின் அழுத்தம் 1,600 பார். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுவதுதான் இன்ஜெக்டர். சில எஞ்சின்களில் 2,000 பாரையும் தாண்டும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பாருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். இத்தனை அழுத்தத்திலும் டீசல் கசியாமல் இருக்க, இன்ஜெக்டருக்குள் நகரும் பாகங்களுக்கு நடுவே சில மைக்ரான் இடைவெளிதான் விடுகிறார்கள். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கண்ணுக்கே தெரியாத தூசிகூட அங்கே உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பெரும்பாலான ஹை பிரஷர் பம்புகளுக்கு மசகும் டீசல்தான், தனி ஆயில் கிடையாது. தண்ணீர் புகுந்தால் இரும்போடு இரும்பு உரசும், துருவும் பிடிக்கும்.

ஃபில்டரை டீ வடிகட்டி போல நினைத்துக்கொள்கிறோம். 5 மைக்ரான் தூசியை வலையை வைத்தே தடுப்பதென்றால் ஒவ்வொரு கண்ணும் அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் காகிதம் வேறு மாதிரி வேலை செய்கிறது. அது பின்னிக் கிடக்கும் இழைகளின் காடு. டீசலோடு சேர்ந்து வளைந்து வளைந்து போகும் தூசி, வழியில் ஏதாவது ஓர் இழையை உரசினால் போதும், அதிலேயே ஒட்டிக்கொள்ளும். நிறைய பரப்பு வேண்டும் என்பதற்காகத்தான் காகிதத்தை விசிறி மடிப்பாக மடித்து வைக்கிறார்கள். நுண்ணிய நீர்த்துளிகளும் அங்கே தடைபட்டு, ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, கீழே இறங்கிவிடும். பல ஃபில்டர்களின் அடியில் இரண்டு மின்முனைகள் கொண்ட சென்சார் இருக்கும். டீசல் மின்சாரத்தைக் கடத்தாது, அழுக்குத் தண்ணீர் கடத்தும். தண்ணீர் அந்த முனைகளைத் தொட்டதும் டேஷ்போர்டில் விளக்கு எரியும்.

சரி, மாற்றுவதற்கு வருவோம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களைத் தொடவே வேண்டாம். அங்கிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஃபில்டரைத் திறப்பதற்கு முன் அதன் வெளிப்புறத்தைத் துடையுங்கள். திறந்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் விழும் மண்ணைத் தடுக்க எஞ்சினுக்கு வேறு காவல் இல்லை. கசியாமல் இருக்க வைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங்கைப் புதிதாகப் போட்டு, அதில் கொஞ்சம் டீசல் தடவி, டீசல் போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி பார்த்து ஃபில்டரை மாட்டுங்கள்.

திருகி மாட்டும் ஃபில்டராக இருந்தால், கேனிலிருந்து டீசல் எடுத்து நடு ஓட்டையில் ஊற்றுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். எனக்கு இது சரியாகப் படவில்லை. பொதுவாக டீசல் வெளிவட்டத்து ஓட்டைகளில் நுழைந்து, காகிதத்தைக் கடந்து, நடு ஓட்டை வழியாகத்தான் வெளியேறும். நடுவில் ஊற்றினால் வடிகட்டாத டீசல் நேராகப் பம்புக்குப் போய்விடும்.

அடுத்தது, ஃபில்டரைத் திறந்தபோது உள்ளே புகுந்த காற்று. டீசலை அமுக்கினால் அழுத்தம் உடனே ஏறும். காற்றை அமுக்கினால் அது சுருங்கிக்கொள்ளும், அழுத்தம் ஏறாது, இன்ஜெக்டரும் திறக்காது. முதல் தடவை இது புரியாமல் சாவியைத் திருப்பித் திருப்பியே பேட்டரியை இறக்கிவிட்டேன். அப்படிச் சுற்றும்போது டீசல் இல்லாமல் பம்பும் தேய்கிறது. ஹேண்ட் பிரைமர், அதாவது கையால் அமுக்கி டீசலை ஏற்றும் சின்ன பம்பு, இருந்தால் அது கையில் கல் மாதிரி இறுகும்வரை அமுக்குங்கள். டேங்க்கிலேயே மின்பம்பு உள்ள வண்டியில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, சில விநாடி விட்டு ஆஃப் செய்யுங்கள். மூன்று நான்கு தடவை செய்தால் காற்று வெளியேறிவிடும்.

பெட்ரோல் வண்டியில் இதை வீட்டில் செய்ய வேண்டாம் என்பேன். பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரிக் குளிரில்கூடத் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும், குழாயிலும் எஞ்சின் நின்ற பிறகு அழுத்தம் மிச்சமிருக்கும்.

வண்டி ஓடத் தொடங்கியதும் இணைப்புகளைச் சுற்றி டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். ஈரமில்லை என்பதற்காக அதோடு விட்டுவிட முடியாது. ஹேண்ட் பிரைமர் வண்டிகள் பலவற்றில் பம்பு டீசலை உறிஞ்சித்தான் இழுக்கிறது. அங்கே இடைவெளி இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். மறுநாள் காலை வண்டி உடனே கிளம்பாமல் முரண்டு பிடித்தால் முதலில் ஓ ரிங்கைப் பாருங்கள்.